யாளி ஏன் உறுமவில்லை

ஜூன் 3, செவ்வாய்

கூரியர்காரர் காலையிலேயே வந்துவிட்டார். கையெழுத்துப் போட்டுத் தாள்கட்டை வாங்கி, நேரே என் அறைக்குக் கொண்டுபோய்க் கதவைச் சாத்தினேன். ‘நீரரசு’ நாவல் தொடரின் ஆறாம் பாகம். கடைசிப் பாகம். இதற்காக எத்தனை ஆயிரம் பேர் மூன்று வருடமாகக் காத்திருக்கிறார்கள்! அவர்களில் ஒருவருக்கும் கிடைக்காத தாள்கள் என் மேசைமேல் இருக்கின்றன. புரூஃப் பார்த்துப் பிழை திருத்துகிறவளுக்கு இப்படி ஒரு கர்வம் எப்போதாவதுதான் வாய்க்கும்.

பதிப்பாளர் சுந்தரவடிவேல் சார் சென்னையிலிருந்து போன் செய்தார். “ஒரு வரி வெளிய போனாலும் உங்க பொறுப்புதாம்மா. இது உங்ககிட்ட இருக்குன்னுகூட வீட்டுல சொல்லாதீங்க” என்றார். ஒப்பந்தத்திலும் அப்படித்தான் போட்டிருக்கிறது. அதனால் கதையை இங்கேகூட எழுதப்போவதில்லை.

சிக்கல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. என் மாமியார் இந்திராணி, டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர், நீரரசுப் பைத்தியம். ‘நீரரசு வாசகர் வட்டம்’ என்ற வாட்ஸ்அப் குழுவில், அடுத்து என்ன நடக்கும் என்று கணித்துக் குரல்பதிவு போடுவதுதான் அவருடைய பொழுதுபோக்கு. குழுவில் அவருக்கு ‘பாளையங்கோட்டை அக்கா’ என்று பெயர். யாராவது பதில் வாதம் செய்தால் இரண்டு நாள் நன்றாகச் சாப்பிடுவார்.

என் கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார். செப்டம்பரில்தான் வருவார். கல்யாணமாகி எட்டு மாதத்தில் அவரோடு இருந்ததைவிட அத்தையோடு இருந்ததுதான் அதிகம்.

சிலிண்டருக்குப் பதிவு செய்தேன்.

ஜூன் 6, வெள்ளி

காற்றுக் காலம் ஆரம்பித்துவிட்டது. மாடியில் காயப்போட்ட என் நைட்டி பறந்துபோய் எதிர்வீட்டு முருங்கையில் தொங்கியது. அத்தை கம்பை வைத்து எடுத்துத் தந்தார். தரும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்று நாளாகவே இப்படித்தான். பேசுகிறார், ஆனால் சுவரைப் பார்த்துப் பேசுகிறார். நான் அறைக் கதவைச் சாத்திக்கொள்வது பிடிக்கவில்லை போலும். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண்கள் இப்படித்தான் என்று நினைத்துக்கொள்ளட்டும். எனக்கு ஒன்றும் இல்லை. இரண்டு தரம் கேட்டேன், “உடம்புக்கு ஏதும் முடியலையாத்தை?” என்று. “நல்லாத்தாம்ளா இருக்கேன்” என்று ஃபிரிட்ஜிடம் சொன்னார்.

நூற்று இருபது பக்கம் முடிந்தது.

ஜூன் 11, புதன்

இன்று அத்தை போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு குழுவில் ஒருவரோடு மல்லுக்கு நின்றார். நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எழுந்து போகவும் முடியாது. போனால், எதற்குப் போகிறேன் என்று தெரிந்துவிடும்.

நீரரசு என்பது ஒரு மாபெரும் ஏரியின் அணைக்கட்டை நம்பி வாழும் நாடு. மதகுச் சாவி யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அரசர். முதல் பாகத்திலேயே மன்னனை விஷம் வைத்துக் கொன்றுவிடுகிறார்கள். மகன் வாணன் தப்பித்துப் போய்ப் படை திரட்டுகிறான். அரண்மனை நிலவறையில் கடைசி யாளி ஒன்று அடைபட்டுக் கிடக்கிறது. அரச ரத்தத்தைத் தவிர யார் பக்கத்தில் வந்தாலும் அது உறுமும். இவ்வளவும் ஐந்து பாகத்தில் அச்சானதுதான், எழுதலாம்.

போனில் பேசியவர் ஈரோட்டுக்காரர். “வாணன்தாங்க்கா யாளி மேல ஏறி வந்து முடிசூட்டிக்குவான். இதுல என்ன சந்தேகம்?” என்றார்.

“எந்த ஆதாரத்துல சொல்லுதீங்க தம்பி?”

“மூணாம் பாகத்துல அவன் நிலவறை வழியா தப்பிச்சுப் போறப்ப யாளி உறுமலையே. அவன் அரச ரத்தம்னு அதுலயே தெரிஞ்சுபோச்சுங்களே.”

“அன்னைக்கு வாணன் தனியாவா போனான்?”

பதிலுக்குக் காத்திராமல், “யோசிச்சிட்டுக் கூப்பிடுங்க” என்று அத்தை வைத்துவிட்டார்.

கீரையில் தண்டையும் சேர்த்து நறுக்கிவிட்டேன்.

ஜூன் 15, ஞாயிறு

மோட்டார் ஓடவில்லை. எலக்ட்ரீசியன் வந்து பார்த்துவிட்டு நாளை வருகிறேன் என்றார். பக்கத்து வீட்டிலிருந்து தண்ணீர் பிடித்துவந்தோம்.

சாயங்காலம் அத்தை தன் பெரிய கணிப்பைப் பதிவு செய்தார். பதினோரு நிமிடம். அடுப்படியில் பால் காய்ச்சிக்கொண்டிருந்த எனக்கு எல்லாம் கேட்டது. இது அவருடைய கணிப்பு, எழுதினால் தப்பில்லை.

“மூணாம் பாகத்துல வாணன் நிலவறைக்குள்ள போகும்போது விளக்கைப் புடிச்சுக்கிட்டு முன்னால போனது யாரு? அரண்மனைச் சமையக்காரி சிறுதேவி. யாளி உறுமல. அஞ்சாம் பாகத்துல அதே வாணன் தனியா அங்கன போறான். யாளி உறுமுது. நீங்க எல்லாரும் என்ன சொன்னிய? யுத்தம் வருதுன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு, அதான் உறுமுதுன்னிய. இல்ல. அது மொதத் தடவ சும்மா இருந்தது வாணனுக்காக இல்ல, சிறுதேவிக்காக. அவதான் மன்னனுக்குப் பொறந்தவ. வாணன் இல்ல. அது தெரியாம ஆறாம் பாகத்துல அந்தப் பையன் யாளிகிட்ட தைரியமாப் போவான். திரும்பி வரமாட்டான். சிறுதேவிதான் சிங்காதனம் ஏறுவா.”

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. இந்த அடுப்பில் சிம்மில் வைத்தாலும் தீ அதிகம்தான்.

அத்தை நிறுத்தவில்லை. “இன்னும் இருக்கு கேளுங்க. சிறுதேவி எந்தப் பாகத்துல வந்தாலும், யாரு தண்ணி கேட்டாலும், மொதல்ல ஊத்துவா. நீ யாருன்னு அப்புறந்தான் கேப்பா. எதிரிப் படைக்காரனுக்குக்கூட அப்படித்தான் ஊத்துனா. அப்பேர்ப்பட்டவ கையில மதகுச் சாவியக் குடுத்தா, அதுமேல ஏறி உக்காந்துக்கிடுவாளா? முடிசூட்டுன கையோட அணையை உடைப்பா. தண்ணி எல்லாருக்கும்னு ஆக்கிட்டு, சிங்காதனமும் வேண்டாம்னு போயிருவா. இதான் முடிவு.”

துணியை எடுத்து அடுப்பைத் துடைத்தேன். ரொம்ப நேரம் துடைத்தேன்.

ஜூன் 16, திங்கள்

கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டேன். ஒரு விஷயத்தில் அத்தை தவறு. மனசுக்கு எவ்வளவோ நிம்மதி.

ஜூன் 29, ஞாயிறு

நிம்மதி போயிற்று.

யாரோ அத்தையின் பதிவை வெட்டி, நான்கு நிமிடத் துண்டாக்கி, படங்களெல்லாம் சேர்த்து யூடியூபில் போட்டுவிட்டார்கள். ‘நீரரசு கடைசி பாகக் கதை கசிந்தது’ என்று தலைப்பு. வாணன் சாவான், சிறுதேவி ராணி ஆவாள் என்பதோடு துண்டு முடிந்துவிடுகிறது. ஒரே நாளில் இரண்டு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். கீழே கண்டபடி சண்டை. சிலர் வாணனுக்காக அழுகிறார்கள். சிலர், இந்தக் கிழவிக்குப் பதிப்பகத்துக்குள்ளே ஆள் இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள்.

அத்தை முதலில் சந்தோஷப்பட்டார். அந்தக் கடைசி வகைப் பேச்சைப் படித்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

மதியம் இருவருமே சரியாகச் சாப்பிடவில்லை.

ஜூலை 2, புதன்

சுந்தரவடிவேல் சார் கூப்பிட்டார். குரல் உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம்.

“அந்த யூடியூப் குரல் உங்க மாமியாரோடதுதானே? உங்களுக்குப் போன் பண்றப்ப பின்னால கேக்குற குரலாச்சே.”

“ஆமா சார். ஆனா நான் ஒண்ணும்...”

“வேலையை நிறுத்திருங்க. தாள்களை எடுத்துக்கிட்டுத் திங்கட்கிழமை ஆபீஸுக்கு வாங்க. நப்பின்னை அம்மாவும் வர்றாங்க. எழுதினவங்க முன்னாடியே பேசிக்கலாம்.”

பத்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். இந்தப் பேர் ஒட்டிக்கொண்டால் இனி எந்தப் பதிப்பகமும் என்னிடம் ஒரு பக்கம்கூடத் தராது. கப்பலுக்குச் செய்தி அனுப்பினேன். இன்னும் போய்ச் சேரவில்லை, ஒற்றை டிக்தான் காட்டுகிறது.

ஜூலை 3, வியாழன்

நான் சொல்லவில்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் முகம்? அத்தை முப்பது வருடம் எக்ஸ்சேஞ்சில் ஊரார் பேச்சைக் கேட்டவர். ஒரு பெருமூச்சை வைத்தே ஆளைக் கண்டுபிடிப்பார். பால் பொங்கியதையும் கீரை நறுக்கியதையும் வைத்து அவர் கணித்திருந்தால், கசியவிட்டது நான்தானே? காலையிலிருந்து இதுவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் கேட்டேவிட்டேன்.

“அத்தை, என் முகத்தைப் பார்த்துதான் சொன்னீங்களா?”

அவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்தார்.

“என்னளா கேக்க?”

“எங்கிட்ட அந்தத் தாள் இருக்கிறது உங்களுக்குத் தெரியும்தானே.”

“கூரியர்ல கட்டு வந்த அன்னைக்கே தெரியும். நீ கதவச் சாத்துன சாத்துலயே தெரிஞ்சுபோச்சு.” வெங்காயத் தோலைக் கையால் ஒதுக்கினார். “அதனாலதானட்டி ஒரு மாசமா உன் மூஞ்சியப் பாக்காமலே பேசிக்கிட்டு இருக்கேன். பாத்தா எனக்குத் தெரிஞ்சுபோயிரும். தெரிஞ்சுக்கிட்டுச் சொன்னா அது கணிப்பா? அப்புறம் எனக்கு என்ன மரியாத? ஒனக்கு என்ன மரியாத?”

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“நீ என்ன நெனச்ச? கோவம்னா?”

“ஆமா.”

“லூசு” என்று சொல்லிவிட்டு, இந்த ஒரு மாதத்தில் முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தார். வெங்காயத்தால் அவருக்கும் கண் கலங்கியிருந்தது, எனக்கும்.

நடந்ததைச் சொன்னேன். கேட்டு முடித்ததும், “ரெண்டு டிக்கெட்டாப் போடு. நானும் வாரேன்” என்றார்.

ஜூலை 7, திங்கள், சென்னை

எல்லாவற்றையும் எழுதிவிட வேண்டும்.

ரயிலில் அத்தை புளியோதரை கட்டிக்கொண்டு வந்திருந்தார். நான் சாப்பிடவில்லை என்றதும் எதிர் சீட்டுக்காரருக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு, “இவ பட்டினி கெடந்தா நாளைக்கு அங்க போயி மயங்கி விழுந்திருவா, நீங்களாச்சும் சொல்லுங்க” என்றார். முன்பின் தெரியாத அந்த மனிதர் பாவம், எனக்கு அரை மணி நேரம் புத்தி சொன்னார். சாப்பிட்டேன்.

பதிப்பக அலுவலகத்தில் நான்கு பேர்தான். சார், நாங்கள் இருவர், எழுத்தாளர் நப்பின்னை. அவரை இப்போதுதான் முதல்முறை பார்க்கிறேன். சின்ன உருவம், காட்டன் புடவை, கையில் துணிப்பை. யாளியையும் போர்க்களத்தையும் இவரா எழுதினார் என்று இருந்தது.

சார் தன் போனில் அந்த நான்கு நிமிடத் துண்டைப் போட்டார். முடிந்ததும், “வாணன் சாவு, சிறுதேவி பட்டம். ரெண்டும் அப்படியே புத்தகத்துல இருக்கு. எழுதினவங்களையும் என்னையும் விட்டா, படிச்சது இவங்க ஒருத்தர்தான். நான் என்னன்னு எடுத்துக்கிறது?” என்றார்.

“நான் ஒரு வார்த்தைகூடச் சொல்லலை சார்” என்றேன். அந்த அறையில் அது எவ்வளவு பலவீனமாக ஒலித்தது!

அத்தை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். “எங்கிட்ட கேளுங்க. பேசுனது நான்.”

சொன்னார். மூன்றாம் பாகத்து விளக்கு, ஐந்தாம் பாகத்து உறுமல், எல்லாம். நப்பின்னை அம்மா தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. தேநீரைக் கையிலேயே பிடித்திருந்தார்.

“கேக்க நல்லாத்தாம்மா இருக்கு,” என்றார் சார். “ஆனா முடிவைத் தெரிஞ்சுக்கிட்டு அப்புறமா காரணம் ஜோடிக்கிறது சுலபம்.”

“நான் பேசுனத முழுசாக் கேட்டியளா?”

“கேட்டேனே. இப்பதானே போட்டேன்.”

“இது யாரோ வெட்டிப்போட்ட துண்டு. நான் பேசுனது பதினோரு நிமிசம். ஜூன் பதினஞ்சாம் தேதி குழுவுல போட்டது அப்படியே கெடக்கு.” அத்தை தன் போனை எடுத்து மேசைமேல் வைத்துப் பதிவை ஓடவிட்டார்.

துண்டு முடிந்த இடத்தையும் தாண்டி அவர் குரல் போனது. தண்ணீர் ஊற்றும் சிறுதேவி. கையில் மதகுச் சாவி. முடிசூட்டின கையோடு அணையை உடைப்பா.

இந்த ஒரு இடத்தில்தான் அத்தை தவறு என்று எனக்குத் தெரியும். புத்தகம் முடிசூட்டு விழாவோடு முடிகிறது. அணை அப்படியே நிற்கிறது. இதைக் கேட்டு இவர்கள் சிரிக்கப்போகிறார்கள், இந்த அம்மா அரைகுறையாகக் கேட்டுக்கொண்டு வந்து உளறுகிறார் என்று சொல்லப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

யாரும் சிரிக்கவில்லை. சார் முகம் மாறிப்போயிருந்தது. நப்பின்னை அம்மா தேநீரை மெதுவாகக் கீழே வைத்தார்.

“சார், இதை நீங்க யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“நானா? இல்லம்மா. யார்கிட்டயும் இல்ல.”

“நானும் உங்களைத் தவிர யார்கிட்டயும் சொல்லலை. எழுதவும் இல்லை.” பிறகு எங்கள் பக்கம் திரும்பினார். “அணையை உடைக்கிறதுதான் நான் முதல்ல நினைச்ச முடிவு. முதல் பாகம் எழுதும்போதே நினைச்சது. போன வருஷம் சார்கிட்ட வாய்வார்த்தையா சொன்னேன். பத்து வருஷம் ஜனங்க அரியணைக்காகக் காத்திருக்காங்க, கடைசியில அதுவும் இல்லைன்னா புத்தகத்தைத் தூக்கி எறிஞ்சிருவாங்கன்னார். நானும் பயந்துட்டேன். முடிசூட்டு விழாவோட நிறுத்திட்டேன். அது ஒரு தாள்லயும் கிடையாது. இந்தப் பொண்ணு என் வீட்டுக்குள்ள வந்து தேடியிருந்தாலும் கிடைச்சிருக்காது.”

எனக்குப் புரிய ஒரு நிமிடம் பிடித்தது. அத்தை தவறு என்று நான் நினைத்த அந்த ஒரே இடத்திலும் அத்தைதான் சரி. தவறிப்போனது புத்தகம்தான்.

நப்பின்னை அம்மா எழுந்து வந்து அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தார். “அந்த விளக்கை மூணாம் பாகத்துல வச்சுட்டு, யாராவது கவனிப்பாங்களான்னு எவ்வளவு நாள் பார்த்தேன் தெரியுமா? ஒருத்தர்கூடக் கேக்கலை.”

“நான் அன்னைக்கே கவனிச்சிட்டேன்,” என்றார் அத்தை. “நீங்க அடுத்த பாகத்துல என்ன செய்யுதியன்னு பாக்கக் காத்துக்கிட்டு இருந்தேன்.”

“அணையை உடைச்சா படிக்கிறவங்களுக்குக் கோவம் வராதா?”

“உடைக்கலன்னாதான் எனக்குக் கோவம் வரும். அவ அப்படிப்பட்ட பிள்ளை இல்லையே.”

நப்பின்னை அம்மா சிரித்தார். சாரைப் பார்த்து, “இன்னொரு அத்தியாயம் இருக்கு சார். ஒரு மாசம் கொடுங்க” என்றார். அது வேண்டுகோள் மாதிரி இல்லை.

சார் தலையைத் தடவிக்கொண்டார். பிறகு அத்தையிடம், “தப்பா நினைச்சுக்காதீங்கம்மா, உங்க மருமகள் வேலையைத் தொடரட்டும்” என்றார்.

“அத அவட்டல்ல சொல்லணும்,” என்றார் அத்தை. “சந்தேகப்பட்டது அவள.”

சார் என் பக்கம் திரும்பினார். எழுந்து நின்று மன்னிப்புக் கேட்டார். அந்த வார்த்தைகளை நான் இங்கே எழுதவேண்டியதில்லை, மறக்காது. கடைசி அத்தியாயத்தையும் நானே பார்ப்பேன், என் பெயர் புத்தகத்தில் அச்சாகவேண்டும் என்றேன். இவ்வளவு தெளிவாக என்னால் பேச முடியும் என்று எனக்கே தெரியாது. சரி என்றார்.

வெளியே வந்ததும் அத்தை ஒரு பெரிய கிளாஸ் சாத்துக்குடி ஜூஸ் குடித்தார். எனக்கும் பெரியதுதான் வேண்டும் என்று கடைக்காரரிடம் சொன்னார்.

ஜூலை 8, செவ்வாய்

ஊர் வந்து சேர்ந்தோம். மோட்டார் மறுபடியும் ஓடவில்லை.

ஆகஸ்ட் 9, சனி

கடைசி அத்தியாயம் வந்தது. கூரியரை அத்தைதான் வாங்கினார். என் கையில் கொடுத்து என்னை அறைக்குள் தள்ளி, கதவை வெளியிலிருந்து தானே சாத்தினார்.

கணித்தது அவரேதான். ஆனாலும் எப்படி உடைகிறது, முதல் தண்ணீர் எந்த ஊருக்குப் போகிறது என்பது தெரியாதே. அதைக் கேட்கவில்லை. மதியம் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைத்தபோது கையால் கண்ணை மறைத்துக்கொண்டு வந்தார்.

இருபத்திரண்டு பக்கம். பிழை பார்க்க நான்கு தரம் படிக்கவேண்டியிருந்தது. முதல் மூன்று தரமும் பிழை ஒன்றும் கண்ணில் படவில்லை, கதையைத்தான் படித்துக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு, சென்னை

வெளியீட்டு விழா. என் கணவரும் கப்பலிலிருந்து வந்துவிட்டார். அரங்கம் நிரம்பி, வாசல் வரை ஆட்கள். ஈரோட்டுக்காரர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, “அக்கா, தோத்துட்டேனுங்க” என்று கையெடுத்துக் கும்பிட்டார். அத்தை அவருக்கு மிட்டாய் கொடுத்தார்.

நப்பின்னை அம்மா கடைசி அத்தியாயத்தை மேடையில் தானே வாசித்தார். சிறுதேவி மதகில் ஓங்கி முதல் அடி போட்டாள். அணை உடைந்தது. முதல் வரிசையிலிருந்து பால்கனி வரை எல்லோரும் எழுந்துவிட்டார்கள். கைதட்டல் ஓயவேயில்லை. யாரும் புத்தகத்தைத் தூக்கி எறியவில்லை. சார் ஓர் ஓரமாக நின்று கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அத்தையைப் பார்த்தேன். அவர் கைதட்டவில்லை. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்திருந்தார், வலிக்கிற அளவுக்கு.

பிறகு அவரை மேடைக்கு அழைத்தார்கள். பாளையங்கோட்டை அக்கா என்று அறிவித்ததும் மறுபடியும் எழுந்து நின்றார்கள். அத்தை மைக்கைப் பிடித்த விதத்தில் துளியும் தயக்கம் இல்லை.

நப்பின்னை அம்மா கேட்டார், “எல்லாத்தையும் சரியாச் சொல்லிட்டீங்க. நீங்க கணிச்சதுல ஒண்ணாவது தப்பாப் போனதுண்டா?”

அத்தை கொஞ்சம் யோசித்தார்.

“ஒண்ணே ஒண்ணு,” என்றார். “எம் மவன் கல்யாணம் முடிஞ்சு கப்பலுக்குப் போன அன்னைக்கு, இந்தப் பிள்ளை நம்மகூட ஒத்து வராது, ஆறு மாசத்துல பொட்டியக் கட்டிக்கிட்டுப் போயிரும்னு கணிச்சேன். ஆதாரம் எல்லாம் அப்படித்தான் இருந்துச்சு.” என்னைப் பார்த்து விரலை நீட்டினார். “அன்னா உக்காந்திருக்கா பாருங்க.”

அரங்கம் முழுக்கத் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தது. என் கணவர்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. மறைக்கவும் தோன்றவில்லை. அத்தை மேடையிலிருந்து அதை நன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.